இருபத்திரண்டு மீற்றர்

நாடாவின் பூச்சியத்தை எங்கே பிடிப்பது என்பதிலேயே
பிசகு தொடங்கிவிட்டது.
குழாயின் நடுவிலா, விளிம்பிலா?
சுற்றறிக்கை சொல்லவில்லை.
ஆறடிக்குக் கீழே கிடக்கிற குழாயும்
எதுவும் சொல்லவில்லை.

வெள்ளைமணலுக்குத் திரும்பும் ஒழுங்கையில்
மஞ்சள் கம்பங்கள் ஏழு இருக்கவேண்டும்.
எண்ணினால் ஆறு.
ஏழாவது, ஜவாஹிர் வீட்டு வளவுக்குள்
கொடிக்கயிற்றைத் தாங்கி நிற்கிறது.
'தோண்டாதே, ஆபத்து' என்ற எழுத்தின்மேல்
பள்ளிக்கூடச் சட்டையொன்று காய்கிறது.
"மழைக்கு விழுந்து கிடந்தது சேர், அதான்" என்றார்.
அதையும் குறித்துக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

ரிஃப்காவின் வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.
கட்டாரிலிருந்து வந்த காசு
அந்த உயரத்தில் முடிந்துபோனது.
ஆறாவது கம்பத்துக்கும் இல்லாத ஏழாவதுக்கும் இடையில்
ஒரு கோட்டை நானே நினைத்துக்கொண்டு அளந்தேன்.
இருபத்திரண்டு மீற்றர், நாற்பது சென்ரிமீற்றர்.

அத்திவாரத்துக்குச் சபை ஒப்பமிட்டபோது
பதினைந்து போதும்.
போன தையிலிருந்து முப்பது.
இடையில் வீடு நகரவில்லை,
குழாயும் நகரவில்லை.
என் நாடாவின் நீளமும் முப்பதுதான்.
அதற்கப்பால் ஆபத்தில்லை என்று தீர்மானித்தவன்
இதே கடையில்தான் நாடா வாங்கியிருப்பானோ?

கொம்பனிக்கு எழுதினோம்:
'குழாய் எங்களுடையது, காணி உங்கள் பொறுப்பு.'
கொழும்புக்கு எழுதினோம்:
'இது உள்ளூராட்சி விடயம்.'
சபைக் கூட்டத்தில் வைத்தோம். தவிசாளர்
காற்றாடியைக் கூட்டச் சொல்லிவிட்டு
"ரீ.ஓ. என்ன சொல்றார்?" என்றார்.
ரீ.ஓ. நான்.

ரிஃப்கா தேத்தண்ணி தந்தா.
விறகுப் புகை மணத்தது.
"சிலிண்டர் வாங்கக் கட்டாது சேர்.
வாசலால ஓடுற கேஸ்
எங்கட அடுப்புக்கு வரல்லயே."
பிறகு, குரலை உயர்த்தாமல்:
"இந்தக் குழாய்க்குச் சபை பேர்மிட் குடுத்ததா?"

அன்று பின்னேரம் பழைய இறாக்கையைக் கிளறினேன்.
மதில் கட்ட, கோழிக்கூடு போட,
மலசலகூடம் பெரிதாக்க,
ஐஸ் வாடிக்குத் தகரம் இறக்க,
எல்லாவற்றுக்கும் கோப்பு இருந்தது.
இறப்பர் முத்திரை அழியாமல் இருந்தது.
குழாய்க்கு இல்லை.
கடற்படைக் காலத்து வரைபடம் ஒன்றில் மட்டும்
எண்ணெய்க்குழாய் என்று ஒரு மெல்லிய ஊதாக் கோடு.
அந்தத் தடத்திலேயே புதிதையும் புதைத்ததாகக் கேள்வி.
ஆழத்தைப் பாகத்தில் குறித்திருந்தார்கள்,
தரையையும் கடல் என்று நினைத்தவர்கள்.
வெள்ளைமணல் இருந்த இடத்தில்
வெறும் கடதாசி.

பயம் பொய்யில்லை.
வால்வுக் கிடங்கடியில் ஒருதரம்
கூழ்முட்டை மணம் வந்து, மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி
உருட்டிக்கொண்டே போனவன் நான்.
முப்பது என்று கேட்டவர்கள்
காரணமில்லாமல் கேட்கவில்லை.
ஆனால் அந்த முப்பதும்
குழாய்க்காரன் விட்ட இடமில்லை,
ரிஃப்காவின் சீதனக் காணியில் வெட்டி எடுத்தது.

நிராகரிப்புப் படிவத்தில்
காரணம் எழுத ஒன்றரை வரிதான் இடம்.
'தூரம் போதாது' என்று எழுதினேன்.
எது எதற்குப் போதாது என்று எழுத
மிச்ச அரை வரி காணவில்லை.
படிவத்தை மேசை இலாச்சிக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை அவ கந்தோருக்கு வந்தா.
கையில் கூரைத்தகட்டுக்கான விலைப் பத்திரம்.
இலாச்சி பூட்டித்தான் இருந்தது.
"குசினியைக் குழாய்ப் பக்கம் வையாதேங்கோ,
கதவை மற்றப் பக்கம் திறவுங்கோ" என்றேன்.
எந்தக் கட்டளைச் சட்டத்திலும் இல்லாத வாக்கியம்.
அவ தலையாட்டி, விலைப் பத்திரத்தை
இரண்டாய் மடித்துப் பைக்குள் வைத்தா.
அதை அனுமதி என்று எடுத்தாவோ
எச்சரிக்கை என்று எடுத்தாவோ,
நான் கேட்கவில்லை.